முன்னுக்கு எந்தப் பக்கம்

என் மேசைக்குப் பக்கத்தில் கிடக்கிற இரண்டாவது கதிரையைத் தூக்கி வெளியே எறிந்துவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று எங்கே வீடியோ எடுத்தாலும், அந்த வீட்டுக்காரர் ஒருவர் வந்து அதில் குந்திவிடுவார். பக்கத்தில் இருந்து பார்த்து வெட்டினால்தான் வடிவாக வருமாம். தைக்கக் கொடுத்த சட்டைக்குத் தையற்காரியின் மெசினுக்குப் பக்கத்தில் யாராவது போய் இருப்பார்களா? வீடியோ என்றால் மட்டும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

படம் எடுப்பது இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர். வெட்டி ஒட்டுவது நான். கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலே வீடு. றெயின் போகிறபோது யன்னல் கண்ணாடியும் என் மேசையும் சேர்ந்து நடுங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவர் செய்கிற வேலைகளைத்தான் பொறுக்க முடியாது. இவரிடம் இருக்கும் கமராக்களில் ஒன்று நோர்வேயிலிருந்து வந்தது. அதன் கடிகாரம் இன்றைக்கும் நோர்வேயில்தான் இருக்கிறது. மாற்றுங்கோ மாற்றுங்கோ என்று சொல்லி என் வாய் நொந்துவிட்டது. கிளிப்புகளை நேரப்படி அடுக்கச் சொன்னால், பொம்பிளைக்குச் சீலை உடுத்த முன்னமே தாலி ஏறிவிடும். ஒவ்வொன்றையும் நான்தான் கையால் பிடித்து இழுத்து அதனதன் இடத்தில் இருத்த வேண்டும்.

அப்படி இருத்துகிற இடத்துக்குப் பெயர் ரைம்லைன். திரையின் கீழ்ப்பாதியில் இடமிருந்து வலமாக ஓடுகிற நீளமான பட்டி அது. முதலில் நடந்தது இடப்பக்கம், பிறகு நடந்தது வலப்பக்கம். மேல் தட்டுகளில் படம், கீழ்த் தட்டுகளில் சத்தம். ஒரு சிவப்புக் கோடு அதன்மேல் ஊர்ந்து போகும், கோடு எங்கே நிற்கிறதோ அந்த இடம்தான் திரையில் தெரியும். இவ்வளவுதான் விசயம். இதைப் பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கும் விளங்கப்படுத்தலாம். ஒரு தமிழ் வாத்தியாருக்குத்தான் விளங்கப்படுத்த முடியாது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் உடுவில்காரர். ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் மாஸ்ரர், ஆகவே எனக்கும் மாஸ்ரர். மனைவி காலமாகிப் பல வருடம். ஒரே மகள். அவளுடைய கலியாணத்துக்கு நாங்கள்தான் வீடியோ. கலியாணம் முடிந்து மகள் புருசனோடு வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டாள். வீடியோ எப்போது வரும் என்று தகப்பனைக் கேட்டபடி இருக்கிறாள். மாஸ்ரர் மோட்டச்சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, அந்த இரண்டாவது கதிரையில் இருந்து, சால்வையை மடியில் மடித்து வைத்துவிட்டுச் சொன்ன முதல் வசனம் இதுதான்:

"பிள்ளை, இதிலை என்ரை அண்ணை வாற இடமெல்லாத்தையும் வெட்டிப்போடும்."

நான் பகிடி என்று நினைத்தேன். ஏனென்றால் அந்தப் பெரியவர் இல்லாத கிளிப்பைத் தேடிப் பிடிப்பதுதான் கரைச்சல். பந்தல் போட்டதிலிருந்து வாழை அவிழ்த்தது வரைக்கும் எல்லாவற்றிலும் அவர் நின்றார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பன்னீர் தெளிக்கிறார், சமையலுக்குள் எட்டிப் பார்க்கிறார், கிழவிகளுக்குக் கதிரை தூக்கிக் கொடுக்கிறார். நல்ல உயரமான மனிதர் வேறு. எந்தக் கூட்டத்துக்குள் நின்றாலும் தலை தெரியும்.

"ஏன் மாஸ்ரர், கிணத்துப் பங்கிலை ஏதும் பிரச்சினையோ? வேலியோ?" என்று கேட்டேன். இவர்களைப் போலப் பக்கத்துப் பக்கத்து வளவில் இருக்கிற சகோதரங்கள் கதைக்காமல் விட்டால் எங்கள் ஊரில் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

"கிணறுமில்லை, வேலியுமில்லை," என்றார். மடியில் கிடந்த சால்வையை விரித்துத் திரும்ப மடித்தார். பிறகு, "நான் மனிசி இல்லாதவன், தாரை வாக்கேலாது. அது எனக்குத் தெரியாதே? நான்தான் போய், அண்ணையும் அண்ணியும் இருந்து செய்யுங்கோ எண்டு கேட்டனான். அதிலை எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. ஆனால் பிள்ளை, பெத்தவன் நான் தூணோடை ஒதுங்கி நிக்கிறன். ஒருக்கா, ஒரே ஒருக்கா, தம்பி முன்னுக்கு வா எண்டு கூப்பிட்டிருக்கலாமெல்லே? திரும்பியும் பாக்கேல்லை. தான்தான் தகப்பன் எண்ட மாதிரி இருந்தார்," என்றார்.

எங்கள் சனத்தில் அது வழக்கம். பொம்பிளையின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்துக் கொடுப்பது புருசன் பெண்சாதியாக இருந்து செய்கிற சடங்கு. தாயோ தகப்பனோ இல்லையென்றால் பெரியப்பனும் பெரியம்மாவும் அந்த இடத்தில் இருப்பார்கள். மிஞ்சியிருக்கிற ஆள் எங்காவது ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான். எத்தனையோ வீடுகளில் அப்படி ஓரமாக நின்ற ஆட்களை நான் திரையில் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட வந்து இந்தக் கதிரையில் இருந்து இப்படிச் சொன்னதில்லை. எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரம் சரியான எரிச்சலாகவும் இருந்தது. இது வெட்டுப்பட்டு மகளிடம் போனால், அவள் பெரியப்பாவைத் தேடுவாள். ஏன் இல்லை என்று அவருக்கே போன் எடுத்துக் கேட்பாள். இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஆட்கள் போய்வர ஒரு பொட்டு இருக்கிறதென்று மாஸ்ரரே சொல்லியிருந்தார். அந்தப் பொட்டை அடைக்கிற கதியால் தடி என்னுடைய கையால்தான் நடப்படப் போகிறது.

"மகள் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"அதை நான் பாக்கிறன். நீர் வெட்டும்."

சரி என்று தொடங்கினோம். அங்கேதான் மற்றச் சண்டை ஆரம்பித்தது.

"கொஞ்சம் முன்னுக்கு விடும் பிள்ளை," என்றார். நான் கோட்டை வலப்பக்கம் நகர்த்தினேன்.

"முன்னுக்கு எண்டெல்லே சொன்னனான்." இன்னும் வலப்பக்கம் போனேன்.

"முன்னுக்கு, முன்னுக்கு!"

திரையில் ஆட்கள் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்ரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"நான் கேட்டது மாப்பிள்ளைக்குக் கால் கழுவுற இடம்."

"அது பின்னுக்கெல்லோ மாஸ்ரர் கிடக்கு!"

"அதெப்படிப் பின்னுக்கு வரும்? முந்தி நடந்தது முன்னுக்கு. பேந்து நடந்தது பின்னுக்கு. முன்னோர் எண்டால் ஆர்? இனிமேல் பிறக்கப்போறவையோ? முன்னாள் அதிபர் எண்டால் வரப்போற அதிபரோ?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "அப்ப முன்னேறுறது எண்டால் போன வருசத்துக்குப் போறதோ மாஸ்ரர்? உங்கடை மோட்டச்சைக்கிளைக் கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ எண்டு சொன்னால், நேற்றைக்கோ கொண்டுபோய் விடுவியள்?"

அவர் யோசித்தார். "அது இடம். இது காலம்," என்றார்.

"இது?" என்று ரைம்லைனைக் காட்டினேன். காலத்தைப் பாய் மாதிரி விரித்து இடமாகப் போட்டு வைத்திருக்கிற அந்தப் பட்டியை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இந்த மென்பொருளைச் செய்தவர்கள் தமிழிலே சிந்தித்திருந்தால் அதைச் செய்தே முடித்திருக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இடப்பக்கம் வலப்பக்கம் என்று சொல்லுங்கோ என்றேன். அதுவும் சரிவரவில்லை. அவர் இடப்பக்கம் என்றால் படத்துக்குள் இடப்பக்கம் நிற்கிற ஆளைச் சொல்லுவார். நான் கோட்டை இடப்பக்கம் இழுப்பேன், ஆள் மறைந்துவிடுவார், மாஸ்ரர் தலையில் கை வைப்பார். என் தேத்தண்ணி ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடக்கும்.

வழி காட்டியது றெயின்தான். ஒரு நாள் இப்படி நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது யன்னல் கிலுகிலுத்தது. என்னுடைய மேசை மேற்குப் பார்த்தது. ஆகவே வலப்பக்கம் சுன்னாகம், இடப்பக்கம் யாழ்ப்பாணம். "மாஸ்ரர், இனி முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். முந்தி நடந்தது யாழ்ப்பாணம் பக்கம். பேந்து நடந்தது சுன்னாகம் பக்கம். றெயின் போற மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். அவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. "கொஞ்சம் யாழ்ப்பாணம் பக்கம் விடும். இன்னும் கொஞ்சம். ஆ, கோண்டாவிலோடை நிப்பாட்டும்," என்று ஸ்டேசன் மாஸ்ரர் ஆகிவிட்டார். இவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, ரிக்கெட் எங்கே எடுக்கிறது என்று கேட்டார். முதலில் கமராவின் கடிகாரத்தை நோர்வேயிலிருந்து இறக்குங்கோ என்று அனுப்பிவிட்டேன்.

அப்படி ஒருவாறு வேலை ஓடியது. ஓடியது என்று சொன்னாலும், அந்தப் பெரியவரை வெட்டி எடுப்பது லேசுப்பட்ட காரியமா? ஓரத்தில் நின்ற இடங்களில் படத்தைப் பெரிதாக்கி அவரை வெளியே தள்ளினேன். நடுவில் நின்ற இடங்களில் குத்துவிளக்கைப் போட்டேன். இவர் குத்துவிளக்கை நிறையவே எடுத்து வைத்திருந்தார். பன்னீர் தெளிக்கிற இடத்தில் குத்துவிளக்கு, மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவருகிற இடத்தில் குத்துவிளக்கு, கதிரை தூக்குகிற இடத்திலும் குத்துவிளக்கு. பார்க்கிறவர்கள் இது குத்துவிளக்குக்கு நடந்த கலியாணமோ என்று கேட்பார்கள். எனக்கு வேலையில் ஒரு மானம் மரியாதை இருக்கிறது. இந்த வீடியோவில் என் பெயரைப் போட வேண்டாம் என்று இவரிடம் சொல்லி வைத்தேன்.

கடைசியில் கன்னிகாதானத்துக்கு வந்தோம். கோட்டை நிறுத்திவிட்டு நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"இதை என்ன செய்யிறது மாஸ்ரர்?"

"வெட்டும்."

"இதை வெட்டினால் பிள்ளையை ஆர் குடுத்தது?"

"குத்துவிளக்கைப் போடும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "குத்துவிளக்கு தாரை வாக்காது மாஸ்ரர்! உங்கடை மகள் இதைத்தான் தன்ரை பிள்ளையளுக்குக் காட்டப்போறாள். அதுகள் என்ன கேக்கும்? அம்மம்மா இல்லை, சரி. அம்மப்பா எங்கை? ஒருத்தரும் இல்லாமலோ கலியாணம் நடந்தது எண்டு கேக்கும்," என்று குரல் உயர்த்திவிட்டேன். குசினிக்குள் இருந்த இவர் சத்தத்தைக் கேட்டு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

மாஸ்ரர் சால்வையின் கரையைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு மெல்ல, "அப்ப, செம்பு தூக்கிற அந்த ஒரு இடம் மட்டும் கிடக்கட்டும். கையள் மட்டும் தெரிஞ்சால் காணும். அதுக்கு முன்னுக்குள்ளதை வெட்டிவிடும்," என்றார்.

மறுபடியும் முன்னுக்கு! யாழ்ப்பாணமும் சுன்னாகமும் எங்கே போனதோ தெரியாது. நானும் கோபத்தில் கேட்காமல், செம்புக்கு அங்கால், சுன்னாகம் பக்கம் கிடந்ததை ஒரேயடியாக வெட்டினேன். கூறைச் சீலையும் தாலியும் சேர்ந்து போய்விட்டன. "ஐயோ, தாலி! தாலி!" என்று மாஸ்ரர் எழும்பிவிட்டார். போனதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். தலை இடித்தது. மூன்று கமராவின் சத்தத்திலும் ஒரே நாதஸ்வரமும் தவிலும். நாள் முழுக்க அதே கெட்டிமேளம்.

"மாஸ்ரர், நீங்கள் படத்தைப் பாக்கவும் வேண்டாம், எனக்குப் பக்கம் சொல்லவும் வேண்டாம். மேளத்தை நிப்பாட்டிப்போட்டு ஐயர் சொல்லுறதை மட்டும் விடுறன். காதாலை கேளுங்கோ. எந்த மந்திரத்திலை வெட்ட வேணுமோ, அந்த இடத்திலை கையைத் தூக்குங்கோ," என்றேன்.

ஐயரின் சால்வையில் நாங்கள் ஒரு சின்ன மைக் குத்தி விடுவதுண்டு. அது ஒலிபெருக்கிக்குப் போகாது, எங்கள் பதிவுக்கு மட்டும்தான். ஆனால் அதில் ஐயர் இருமுவதும், கற்பூரம் எங்கே என்று ஏசுவதும், நேரம் போகுது நேரம் போகுது என்று புறுபுறுப்பதும்தான் அதிகம். ஆகவே அந்தத் தட்டை மூடிவிட்டு மேலே மேளத்தைப் போட்டுவிடுவேன். எல்லா எடிற்றர்மாரும் அப்படித்தான். அன்றைக்கு மேளத்தை மூடி அதைத் திறந்தேன்.

அறை திடீரென்று அமைதியானது மாதிரி இருந்தது. மேளம் தூரத்தில் எங்கேயோ கேட்டது. ஐயர் தர்ப்பை கேட்டார். இருமினார். பிறகு, "பொம்பிளையின்ரை தகப்பன்ரை பேரைச் சொல்லுங்கோ," என்றார்.

மாஸ்ரரின் அண்ணன், மாஸ்ரரின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக.

அதற்குப் பிறகு, "ஐயா, ஒருக்கால் பொறுங்கோ," என்று அதே குரல் கேட்டது. அடுத்தாற்போல் அந்தக் குரல் பெரிதாகியது. "தம்பி! முன்னுக்கு வா!"

மேளம் போய்க்கொண்டிருந்தது.

"டேய் தம்பி! இஞ்சை முன்னுக்கு வாடா!"

"நேரம் போகுது," என்றார் ஐயர்.

"அவன் பக்கத்திலை வந்து நிண்டால் குற்றமோ ஐயா?"

"நிக்கலாம், நிக்கலாம். ஆளைக் காணேல்லையே. சுபநேரம் போகுது. செம்பை எடுங்கோ."

"அவனுக்குக் கேக்கேல்லைப் போலை," என்று அவர் யாரிடமோ சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்சாதியிடமாகத்தான் இருக்கும். பிறகு தண்ணீர் விழுகிற சத்தம்.

நான் கோட்டை நிறுத்தினேன். மாஸ்ரர் கையைத் தூக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. படத்தைப் பார்த்தேன். இவருடைய கமரா அந்த நேரம் பார்த்துப் பொம்பிளையின் காதுத் தோட்டைப் பெரிதாக்கிக்கொண்டு நின்றது. மணவறையில் ஒரு மனிதன் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக் கூப்பிடுகிறான், இவர் தோட்டைப் படம் பிடிக்கிறார்! என் வீட்டுக்காரர்மேல் எனக்கு அதுவரை வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை.

மற்றக் கமராக்களில் ஒன்றை அதே இடத்தில் திறந்து பார்த்தேன். அது நோர்வேக் கமரா, பந்தலின் பின்பக்கம் வைத்தது. அதில் தூண் தெரிந்தது. தூணுக்கு ஒரு பக்கம் தவில்காரர், மற்றப் பக்கம் மாஸ்ரர். தவில் அவருடைய காதடியில். மாஸ்ரர் மணவறையைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் படலைப் பக்கம் பார்த்து நின்றார். சால்வைத் தலைப்பு கண்ணில் இருந்தது.

"மனிசியின்ரை நினைவு வந்திட்டுது," என்றார் என் பக்கத்தில் இருந்த மாஸ்ரர். "சனம் பாக்கப்படாது எண்டு அங்காலை திரும்பினனான்."

இந்தக் கதிரையில் அவர் வந்து இருந்த நாள் தொடக்கம் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை என்று இவ்வளவு காலமும் இந்த மனிதர் கொதித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். திரும்பி நின்றது மாஸ்ரர்தான்.

"உது இவ்வளவு நாளும் எங்கை கிடந்தது?" என்று கேட்டார்.

"கீழை கிடந்தது மாஸ்ரர். மேளத்துக்குக் கீழை."

அவர் தலையை ஆட்டினார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமி, வகுப்பில் கதைக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு, "பிள்ளை, வெட்டினதெல்லாத்தையும் திருப்பி வையும்," என்றார்.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். அந்தக் குத்துவிளக்குகளைத் தூக்கி எறியும். ஆர் உதுகளைப் போடச் சொன்னது? வடிவேயில்லை."

ஆர் போடச் சொன்னதாம்! வேறு நாளாக இருந்தால் அந்த மவுஸ் சுவரில் பறந்திருக்கும். இத்தனை நாள் ஒவ்வொரு அங்குலமாக வெளியே தள்ளிய அந்த உயரமான மனிதரை, இனி ஒவ்வொரு அங்குலமாக உள்ளே கூட்டிவர வேண்டும். குத்துவிளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். நான் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

"ஐயரின்ரை சத்தத்தை மூடவேண்டாம். இருமலும் கிடக்கட்டும்."

"ஓம் மாஸ்ரர்."

"இன்னொருக்கால் விடும். கொஞ்சம் முன்னுக்கு."

நான் பக்கம் கேட்கவில்லை. கோட்டை இடப்பக்கம் கொண்டுபோய், ஐயர் தகப்பன் பெயரைக் கேட்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னுக்கு விட்டேன். ஐயர் இருமினார். பெயரைக் கேட்டார். அண்ணன் தம்பியின் பெயரைச் சொன்னார். ஒருக்கால் பொறுங்கோ என்றார்.

"தம்பி! முன்னுக்கு வா!"

மாஸ்ரர் கதிரையிலிருந்து எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். மோட்டச்சைக்கிள் திறப்புக் கொத்தை மேசையிலிருந்து எடுத்தார்.

"டேய் தம்பி! இஞ்சை முன்னுக்கு வாடா!"

"வாறன்," என்றார் மாஸ்ரர். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.